இரண்டு வேளை சேர்த்தி, மத்தியானம் உங்கள் பாடு

என் மகளுக்கு இரண்டே முக்கால் வயதாக இருந்தபோது சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு மூன்று நாள் விடுமுறைக்குப் போனோம். நான், என் கணவர், அவள். செங்கம் ரோட்டில் ஓர் ஓட்டல். அறை பதிவு செய்தவர் என் கணவர். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் அறையோடு சேர்த்தி. மத்தியானத்தை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மூணு வேளையும் சேர்த்தே எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"மத்தியானம் அவ எப்படியும் சாப்பிட மாட்டா."

"காலையிலயும் ராத்திரியும் மட்டும் சாப்பிடறாளா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரெண்டு வேளை ஜாஸ்தியா எடுத்துட்டேன்," என்றார்.

அவள் சாப்பிடாத பிள்ளை. வியாதி எதுவும் இல்லை, எடை சரியாக இருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார். அந்த எடை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எங்கள் வீடு நான்காம் மாடியில். ஒரு கிண்ணம் பருப்புச் சோறு அவளுக்கு ஊட்ட லிஃப்ட் ஆறு தடவை ஏறி இறங்க வேண்டும். கதவு திறக்கும்போது ஒரு வாய், மூடும்போது ஒரு வாய். இரண்டாம் மாடிக்காரர்கள் கையில் கிண்ணத்தோடு என்னைப் பார்த்தாலே படியில் இறங்கிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். திருவண்ணாமலை ஓட்டலில் லிஃப்ட் கிடையாது என்பதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

முதல் நாள் இரவு சாப்பாட்டு ஹாலுக்குப் போனோம். நீள மேசையில் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். என் கணவர் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து, சாமிக்குப் படைத்த மாதிரி ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். இரண்டு தலையணை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள், தட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கடை ஷட்டரை இறக்குகிற மாதிரி வாயை மூடிக்கொண்டாள்.

காக்காவுக்கு ஒரு வாய் என்றேன். மலைக்கு ஒரு வாய் என்றேன். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு பெரிய மலை நின்றுகொண்டிருந்தது. அதற்கும் பிரயோஜனம் இல்லை. என் கணவர் ஸ்பூனில் தயிர்ச் சோற்றை எடுத்து, "ஏரோப்ளேன் வருது, வழி விடுங்க!" என்று கையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தார். கடைசி நொடியில் அவள் முகத்தைத் திருப்பினாள். ஏரோப்ளேன் அவருடைய சட்டைப் பைக்குள் இறங்கியது.

"புதுச் சட்டை!" என்றேன். "ஒரு வாய் ஊட்டத் தெரியலையா உங்களுக்கு?"

"நான் நல்லாத்தான் ஓட்டிட்டு வந்தேன். அவதான் ரன்வேயை மாத்திட்டா."

பரிமாறுகிறவர் ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர் என்று பிறகு சொன்னார். "பாப்பாவுக்கு என்னங்க வேணும்?" என்று அவளிடமே கேட்டார்.

"அப்பளம்."

நான்கு அப்பளம் தின்றாள். ஐந்தாவதைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்கு நடந்தாள். "அப்பளம் நல்லா சாப்பிடுதுங்க பாப்பா," என்று அவர் எங்களைத் தேற்றினார்.

மறுநாள் காலை இட்லி, பொங்கல், தோசை. நான் ஊட்ட ஆரம்பிப்பதற்குள் அவள் தலையணைகளோடு சேர்ந்து கீழே சறுக்கி இறங்கிவிட்டாள். ஜன்னலோரத்து மேசையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளை ஜிப்பா போட்ட உயரமான வெளிநாட்டுக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே வரும்போதே அவரைக் கவனித்திருந்தேன். நரைத்த தாடி. கழுத்தில் ஒரு சின்ன அட்டை: 'மௌனத்தில் இருக்கிறேன்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். அந்தப் பக்கத்தில் அப்படி அட்டை மாட்டிய ஆட்களைத் தெருவுக்கு ஒருவராவது பார்க்கலாம்.

என் மகள் நேராகப் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறந்தாள்.

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருடைய முழங்கை அசைந்தது. அவள் மென்றாள். மறுபடி திறந்தாள்.

நான் எழுந்து ஓடினேன். "சாரி, சாரி, வெரி சாரி," என்று அவளைத் தூக்கப் போனேன். அவர் எழுந்து எனக்குக் கைகூப்பினார். அவள் நாற்காலிக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி, "இட்டி!" என்று கத்தினாள். என் கணவர் பின்னாலிருந்து என் புடவைத் தலைப்பை இழுத்தார்.

"விடு. சாப்பிடறா."

"யாரோ எவரோ!"

"யாரா இருந்தா என்ன? ரெண்டாவது இட்லி போயிட்டிருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் எங்கள் மேசைக்குத் திரும்பி, கடன்காரனைக் கண்டவர்கள் மாதிரி தூணுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்து பார்த்தோம். அந்த மனிதரின் முதுகும் அவள் தாடையும்தான் தெரிந்தன. தாடை ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. பரிமாறுகிறவர் வழக்கமான விஷயம் போல அந்த மேசைக்கு இன்னும் இரண்டு இட்லி கொண்டுபோய் வைத்தார்.

"பத்து நாளா தங்கியிருக்காருங்க," என்றார் எங்களிடம். "ஒரு வார்த்தை பேசினதில்ல. தொந்தரவே இல்லாத மனுஷன்."

இனி மத்தியானம். அதை எப்படிச் சமாளிப்பது என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, மேசைக்கு அடியில் வைத்து, நான்கு இட்லியைப் பொடியில் புரட்டி உள்ளே தள்ளினேன். தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

"மேடம், எண்ணெய் பையில ஒழுகிடும். வாழை இலையில கட்டித் தரட்டுங்களா?"

கட்டிக் கொடுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கூடவே இரண்டு இட்லி அதிகமாகவும் வைத்திருந்தார்.

மத்தியானம் அறையின் பால்கனியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். தண்ணீர் எடுக்க ஒரு நிமிடம் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது பால்கனிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து, இலையை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் மகள் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் நின்று கைதட்டினாள்.

"அம்மா, குரங்கு நல்ல பாப்பா! சமத்தா சாப்பிடுது!"

வாழ்நாளில் நான் அவளிடம் சொல்ல ஆசைப்பட்ட வாக்கியம் அது.

"நமக்கு ரெண்டு வேளைதான் சேர்த்தி," என்றார் என் கணவர். "அதுக்கு மூணு வேளையும்."

அன்று மத்தியானம் நாங்கள் வெளியே போய்ச் சாப்பிட்டோம். அவள் ஒரு வாழைப்பழத்தின் நுனியை மட்டும் கடித்தாள்.

இரவு ஹாலுக்குள் நுழைந்ததுமே என் கையை உதறிவிட்டு ஜன்னலோரத்துக்கு ஓடினாள். அந்த மனிதர் இதை எதிர்பார்த்திருந்தார் போல. பக்கத்து நாற்காலியை ஏற்கெனவே இழுத்துப் போட்டு வைத்திருந்தார். ஒன்றரை சப்பாத்தி உள்ளே போனது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ கரித்தது. இரண்டே முக்கால் வருடம் லிஃப்டில் ஏறி இறங்கியவள் நான்.

அறைக்கு வந்து காலைக் கழுவிவிடும்போது கேட்டேன். "அந்தத் தாத்தா கிட்ட மட்டும் ஏண்டி கண்ணு சாப்பிடற?"

அவள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தாத்தா பேசல."

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவுதானா? சாப்பிடு, மெல்லு, முழுங்கு, காக்கா, ஏரோப்ளேன் என்று நாங்கள் ஓயாமல் பேசியதுதான் அவள் வாயை அடைத்துவிட்டதா? என் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுநாள் காலை ஹாலுக்குள் கால் வைத்ததிலிருந்து வெளியே வரும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்தோம்.

அந்த மனிதர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டோம். என் காபி வந்தது. பரிமாறுகிறவர், "தோசையா, ஊத்தப்பமா மேடம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் விரலால் காற்றில் பெரிய வட்டம் போட்டேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவரும் வட்டம் போட்டார். அவர் ஓரடி பின்னால் போய்க் கைகூப்பினார்.

"நீங்களுமாங்க! நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாப் பேசிக்கினு இருந்தீங்களே. இன்னிக்கு நாள் நல்ல நாளுதான்."

பிறகு மேசையைப் பார்த்துத் தயங்கினார். "விரதத்துல காபி வேணாங்க. அந்த வெளிநாட்டுச் சாமி வெறும் பாலுதான் குடிக்கறாரு." நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்காத காபியை என் கண் முன்னால் எடுத்துக்கொண்டு போனார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். பால் வந்தது. தோசைகளும் வந்தன, வெங்காயம் சேர்ந்த சாம்பார் வேண்டாம் என்று அதையும் நிறுத்திவிட்டிருந்தார்.

பக்கத்து மேசையில் ஆரணியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என் மகளிடம் குனிந்தார்.

"பாப்பா, அம்மா ஏன் பேச மாட்டேங்கறாங்க?"

"சண்டை," என்றாள் என் மகள்.

"யாரோட?"

"அப்பாவோட. அப்பா சோறு கொட்டிட்டாரு. சட்டையில. அம்மா திட்டினாங்க."

"அடக் கடவுளே, ஒரு வாய் சோத்துக்கா!" அந்த அம்மாள் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க பாரும்மா. உடம்புல பாதியையே பொண்டாட்டிக்குக் குடுத்த சாமி இருக்கற ஊரு இது. இங்க வந்து ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு உக்காரலாமா?"

நான் தலையை ஆட்டினேன். என் கணவர் தன் தட்டையே உற்றுப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

"பாரு, அழுவுறாரு," என்றார் அந்த அம்மாள்.

"நமக்கெதுக்கு? நீ சாப்பிடு," என்றார் அவருடைய கணவர்.

"நீங்க சும்மா இருங்க. முப்பது வருஷத்துல ஒரு நாளாவது உங்களோட பேசாம இருந்திருக்கனா நானு?"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் அவர்.

அந்த அம்மாள் விடவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு மழைநாளில் நனைந்த துணியை எடுக்காததற்காகத் தனக்கும் தன் மாமியாருக்கும் நடந்த சண்டையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் தட்டில் தோசை குறைந்துகொண்டு வருவதைக் கண்டேன். ஒரு சின்னக் கை வந்தது, பிய்த்தது, போனது. மறுபடி வந்தது. அந்த அம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டு என் மகள் தோசை தின்றுகொண்டிருந்தாள். நான் மேசைக்கு அடியில் என் கணவரின் காலை மிதித்தேன். அவரும் பார்த்தார். மூச்சுகூட விடாமல் இருந்தோம். கடைசித் துண்டும் போய்த் தட்டு காலியானது.

"சாப்ட்டுட்டா!" என்று என் கணவர் கத்திவிட்டார். "முழு தோசை! முழுசும் சாப்ட்டுட்டா!"

"முழுசும்!" என்று நானும் கத்தினேன்.

"பேச வெச்சிட்டேன் பாத்தீங்களா!" என்று அந்த அம்மாள் தன் கணவரைப் பார்த்து முழங்கினார். என் கையை எடுத்து என் கணவர் கையில் வைத்து அழுத்தினார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. இனிமேல் உண்மையைச் சொல்ல முடியாது என்று எங்களுக்குப் புரிந்தது. நான் கையை அப்படியே வைத்துக்கொண்டேன். பரிமாறுகிறவர் மட்டும் வருத்தமாக வந்து நின்றார்.

"கலைஞ்சிடுச்சேங்க விரதம்."

"பரவாயில்லைங்க," என்றேன். "ஒரு காபி. டபுள் ஸ்ட்ராங்."

அன்று முழுவதும் என் கணவர் பெரிய கண்டுபிடிப்பாளர் மாதிரி நடமாடினார். இரவும் மௌனமாக இருந்து பார்த்தோம். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதிக்கு ஜன்னலோரம் போய்விட்டாள். பயிற்சி போதவில்லை என்றார் அவர்.

கிளம்புகிற நாள் காலையில் பெட்டியோடு வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தபோது அந்த வெளிநாட்டுக்காரர் படியிறங்கி வந்தார். என் மகள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு என்னிடம் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். ஆங்கிலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சுத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தார். அதன் சாரம் இது: மன்னிக்க வேண்டும். எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. இட்லியைச் சர்க்கரையில் தோய்த்துத்தான் சாப்பிடுவேன். உங்கள் மகளுக்கும் அதையே கொடுத்துவிட்டேன். சப்பாத்திக்குள்ளும் சர்க்கரைதான். முதல் நாளே சொல்ல நினைத்தேன், பேசக் கூடாது, எழுதத் தைரியம் வரவில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். உறியில் கைவிட்டு அகப்பட்ட கண்ணன் மாதிரி நின்றார். அறுபது வயது மனிதர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், சத்தமில்லாமல், தோளெல்லாம் குலுங்க. என் கணவர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"அப்ப மௌனம் இல்லையா? சர்க்கரையா?"

"சர்க்கரைதான்."

"தோசையில சர்க்கரை இல்லையே?"

ஆரணி அம்மாளின் மாமியார் கதையாக இருக்கலாம் என்றேன். வண்டியில் செஞ்சி தாண்டும்வரை இதைப் பற்றியே விவாதித்துக்கொண்டு வந்தோம். விவாதத்துக்குக் காரணமானவள் பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

மறுநாள் காலை வீட்டில் இரண்டு இட்லியைச் சர்க்கரையில் புரட்டி, ஒரு வார்த்தை பேசாமல் அவள் முன்னால் வைத்தேன். மோந்து பார்த்தாள். கிண்ணத்தை நகர்த்தினாள். என் கணவர் இரண்டையும் தின்றுவிட்டு ஆபீசுக்குப் போனார்.