நைனா எழுதிய நுழைவுத் தேர்வு

எங்கள் நைனா அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். வகுப்பில் செந்தமிழ், வீட்டில் செஞ்சித் தமிழ். பிளஸ் டூ முடித்த எனக்கு டில்லியில் ஒரு பெரிய கல்லூரியில் சரித்திரம் படிக்க ஆசை. அதற்குப் பாடம் பாடமாக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எங்கள் ஊரில் நுழைவுத் தேர்வு என்றாலே டாக்டர் படிப்புதான். எதிர்வீட்டு அத்தை வந்து முட்டிவலிக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

விண்ணப்பத்தில் ஆங்கிலம், சரித்திரம், பொருளியல் என்று போட்டுக்கொண்டிருந்தேன். நைனா எட்டிப் பார்த்தார்.

"தமிழ் எங்க?"

"அந்தக் காலேஜ்ல கேக்கல நைனா. இங்கிலீஷே போதுமாம்."

"அவன் கேக்கலன்னா நாம எழுதக் கூடாதா?"

சேர்த்தேன். ஆனால் மற்றப் பாடங்களைத்தான் விழுந்து விழுந்து படித்தேன். தமிழாசிரியர் வீட்டில் தமிழுக்கு என்ன பஞ்சம் என்று விட்டுவிட்டேன்.

முடிவு வந்த அன்று சரித்திரத்தில் தொண்ணூற்றெட்டு, பொருளியலிலும் ஆங்கிலத்திலும் தொண்ணூற்றைந்துக்கு மேல். எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனாவின் கண்ணில் பட்டது தமிழில் இருந்த அறுபத்தொன்று மட்டும்தான்.

"நூத்துக்கு அறுபத்தொன்னா?"

"அது மார்க்கு இல்ல நைனா, பர்சன்டைல். நூறு பேரு எழுதுனா அறுபத்தோரு பேரு எனக்குப் பின்னால."

"முன்னால நிக்குதுங்களே, அதுங்கல்லாம் யாரு வூட்டுப் புள்ளைங்க?"

அவரே தீர்ப்பும் சொன்னார். "தமிழ் வராதவ டில்லிக்குப் போயி இன்னா பண்ணப் போற? இங்கயே பக்கத்துல பி.ஏ. தமிழ் சேரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அம்மாதான் நடுவில் புகுந்தார். "அந்தப் பேப்பர நீங்களும் எழுதித்தான் பாருங்களேன்."

இணையத்தில் வந்திருந்த வினாத்தாளை நான் அச்செடுத்துக் கொடுக்க, நைனா குஷியாக உட்கார்ந்தார். அம்மா செல்போனில் நேரம் வைத்தார். முதல் பத்தி தேனீக்களைப் பற்றியது. அதன் மையக்கருத்து எது என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். "நாலும் தப்பு," என்றார் நைனா. அடுத்த கேள்விக்கு, "இதுல ரெண்டு சரியா இருக்குது." ஏன் சரி என்று ஓரத்தில் விளக்கம் எழுத ஆரம்பித்தார். இடம் போதாமல் தாளைத் திருப்பி எழுதினார். மணி அடித்தபோது அவர் இன்னும் தேனீக்களோடுதான் இருந்தார்.

இணையத்தில் இருந்த விடைக்குறிப்பை வைத்து அம்மாவே சரிபார்த்தார். நான் வாங்கிய மார்க்கில் பாதி கூட அவருக்குத் தேறவில்லை.

"அவ வாங்குனதுக்கு டில்லி கூடாதுன்னா, நீங்க வாங்குனதுக்கு நாளைக்கு ஸ்கூலுக்கே போவக் கூடாது."

நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாவமாகவும் இருந்தது.

"இங்கிலீஷ் மார்க்கே போதும்னு சொன்னியே, நெசமாவா?"

"நெசமா நைனா."

"அப்ப போய்ட்டு வா. வாரம் ஒரு லெட்டர் போடு, தமிழ்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பிடி இருக்கேன்னு நான் கேட்டா நல்லா வெவரமா எழுது. நாலு ஆன்சர் குடுத்து ஒன்ன டிக் பண்ணச் சொல்லிடாத."