பார்சி ஐயாவைப் பார்க்கப் போன நாய்

அரியலூரில் எங்கள் நாய்க்குக் கிடைத்த மரியாதை வேறெந்த நாய்க்கும் கிடைத்திருக்காது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. உச்சுக்கொட்டினால் வரும், ‘ச்சீ’ என்றால் போகும். கறுப்பு உடம்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே பொட்டு வைத்தமாதிரி மஞ்சளாக ஒவ்வொரு புள்ளி. அந்தப் புள்ளிகளால் வந்த மரியாதை அது. அது கிடைத்த அதே வீட்டு வாசலில் எங்கள் அம்மாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அம்மா வேலை பார்த்த வீட்டு ஐயா பார்சிக்காரர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர். பம்பாய்க்குத் திரும்பாமல், ரயிலடிப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து மனைவியோடு இருந்துவிட்டார். வடக்கத்திக்காரர் என்றாலே எங்கள் ஊருக்குச் சேட்டுதான். நகை அடகு பிடிப்பீர்களா என்று வாசலில் வந்து கேட்டவர்களும் உண்டு. அவர் கோபப்படவே மாட்டார். தங்கள் முன்னோர் ஈரானிலிருந்து பிழைக்கக் கப்பலேறி வந்தவர்கள், நெருப்பைக் கும்பிடுகிறவர்கள் என்று பொறுமையாக விளக்குவார். கேட்டவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “சரிங்க சேட்டு, போயிட்டு வரேன்” என்று கிளம்புவார்.

அந்த வீட்டுச் சாமி அறையில் ஒரு விளக்கு எந்நேரமும் எரியும். அதை அணையவிட மாட்டார்கள். எந்த நெருப்பையும் வாயால் ஊதி அணைக்கவும் கூடாது. ஐயா சாப்பிட உட்கார்ந்தால் முதலில் மூன்று வாய் நாய்க்கென்று எடுத்து வைப்பார், அது அவர்கள் வழக்கம். அந்த மூன்று வாயைத் தின்றே எங்கள் நாய் கொழுத்துப்போனது.

அம்மா ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்துக்காரி. முந்திரிக் காட்டிலும் வயலிலும் கூலிக்குப் போன குடும்பம். வேலை செய்த வீடுகளில் எல்லாம் கொல்லைக் கதவோடு சரி. கல்யாணமாகி அரியலூர் வந்த பிறகும் அதே கதைதான். பாத்திரம் வெளியே வரும், கழுவி வெளியிலேயே கவிழ்த்துவிட்டு வர வேண்டும். பார்சி ஐயா வீட்டில்தான் முதன்முதலாக முன்வாசல் வழியாக வரச் சொன்னார்கள், மேசையில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “வூடு பூரா என் கையிலதான். சாமி ரூமு வரைக்கும் நாந்தான் பெருக்குறேன்” என்று தெருக்குழாயடியில் நின்று சொல்லிச் சொல்லி, மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள்.

ஐயாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துபோன கடைசி வருஷத்தில் சோறு ஊட்டியது, உடம்பு துடைத்துவிட்டது எல்லாம் அவள்தான். எனக்கு ஒன்பது வயது. எனக்கு ஊட்டாத கை அவருக்கு மட்டும் ஊட்டுகிறதே என்று எனக்கு ஒரே பொறாமை.

அந்த நேரத்தில் பெரம்பலூரில் சித்தி மகனுக்குக் காதுகுத்து வந்தது. அம்மா ஒரே ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போனாள். சாயங்காலமே திரும்புவதாகத்தான் பேச்சு. நான்தான் பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ராத்திரி தங்கினால்தான் ஆயிற்று என்று ஊரைக் கூட்டினேன். தங்கினோம். மறுநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே சேதி சொல்லிவிட்டார்கள். முந்தின ராத்திரி ஐயா போய்விட்டார். எங்களைக் கூப்பிட்டுச் சொல்ல எங்களிடம் அப்போது செல்போன் கிடையாது.

அம்மா ஓடினாள். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வாசலில் தெருவே நின்றது. மாலை வாங்கி வந்தவர்கள் அதைப் போடவும் வழியில்லாமல், கீழே வைக்கவும் மனமில்லாமல் வெயிலில் நின்றார்கள். சென்னையிலிருந்து ஐயா வீட்டு அம்மாவின் தம்பி வந்திருந்தார். அவர்கள் முறைப்படி குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, மந்திரமும் சொல்லி முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் மதத்தவரைத் தவிர யாரும் முகம் பார்க்கக் கூடாது. சென்னையில் இருக்கும் அவர்களுடைய இடுகாட்டுக்குக் கொண்டுபோக வேன் வந்துகொண்டிருந்தது.

அம்மா படியேறினாள். தம்பி கையை நீட்டி மறித்தார். “உள்ளே வேணாம். எங்க ஆளுங்க மட்டும்தான்.”

“எட்டு வருசமா இங்கதாங்க வேல பாக்குறேன். மொகத்த மட்டும் ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன் சார்.”

சத்தம் கேட்டு ஐயாவின் மனைவி, அந்தம்மா, வந்தார். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது. “நேத்து ராத்திரி இருந்திருந்தா பார்த்திருப்பே. இப்போ முடியாது. யார் வந்தாலும் முடியாது. என் கையில இல்லம்மா” என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு படியை விட்டுக் கீழே இறங்கினாள்.

பெரியவளாகி நாலு விஷயம் படித்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். அது ஆளைப் பார்த்துச் செய்ததில்லை, கலெக்டரே வந்திருந்தாலும் வாசலோடுதான் நிறுத்தியிருப்பார்கள் என்று. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “தெரியும்டி. கலெக்டருன்னா அன்னைக்கித்தான் மொத மொதல்ல வாசல்ல நின்னுருப்பாரு. நான் அப்பிடியா?” என்றாள்.

அன்றைக்கு, உள்ளே போன அந்தம்மா மறுபடி வெளியே வந்தார். கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து, “பாப்பா, உன் நாய் எங்கே? சீக்கிரம் கூட்டிட்டு வா” என்றார். இறந்தவரை ஒரு நாய் பார்க்க வேண்டும், கண்ணுக்கு மேல் புள்ளி இருக்கிற நாலு கண் நாயாக இருந்தால் ரொம்ப விசேஷம், அதன் பார்வை பட்டால் பிணத்தை அண்டுகிற கெட்டது விலகும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? கூப்பிட்டார்கள் என்ற பெருமையே போதுமாயிருந்தது. பரோட்டாக் கடைக்குப் பின்னால் படுத்துக்கிடந்த நாயை எழுப்பி, என் ரிப்பனை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டி, சாமி புறப்பாடு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தேன்.

“அட கொடுமையே! பெத்த புள்ளையாட்டம் பாத்தவ தெருவுல நிக்கிறா, நாய்க்கு அழைப்பப் பாருங்கடி!” என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மா.

நாயோ நிலைப்படிக்கு வந்ததும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. பிறந்ததிலிருந்து வாசல் வாசலாக விரட்டப்பட்ட ஜீவன், எப்படி நம்பும்? தம்பி ரொட்டியைக் காட்டினார், உறுமியது. நான் பின்னாலிருந்து தள்ளினேன், அசையவில்லை. வேனும் வந்து நின்றுவிட்டது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் மெதுவாக, “நீ சொன்னா கேட்கும்” என்றார்.

“போவாதடி, ஒனக்கென்ன தலையெழுத்தா?” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. படியேறி, நாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தம்பி கையிலிருந்த ரொட்டியை வாங்கி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தாள். அவள் கை மட்டும்தான் உள்ளே போனது.

“போடா. போயி ஐயாவ நல்லாப் பாத்துட்டு வா. எனக்கும் சேத்துப் பாரு” என்று அதன் முதுகைத் தட்டினாள்.

நாய் போனது. உள்ளே கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கமிருந்து சந்தனக்கட்டை எரிகிற வாசமும் மந்திர முணுமுணுப்பும் வந்தன. அம்மா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டத்தில் புகுந்து, “எங்க நாயிதான், எங்க நாயிதான்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அது வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. அம்மா அதன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, அதன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் கதவைத் திறந்தார்கள், வழி விடச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை, பிடியையும் விடவில்லை. நாய் நெளிந்தது. இத்தனை பேர் முன்னால் இப்படிச் செய்கிறாளே என்று எனக்கு மானம் போயிற்று.

“அதுக்கு உண்ணியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. முந்தாநாளுதான் நான் பாத்து எடுத்தேன். விடு” என்றேன்.