மத்தியானம் சொன்ன பதில்

கல்யாணமாகிப் பம்பாய் தாராவிக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அறுபதுகளின் நடுவில் அது. கணவர் பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் சந்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்தான், அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. சண்டைக்கும் குறைவில்லை. இருபது வீட்டுக்கு ஒரே பைப்பு. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், ஏழரைக்கு நின்றுவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் சண்டை போடாத நாளை விரல்விட்டு எண்ணலாம்.

எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். கடைக்குப் பாவாடை தைத்துக் கொடுத்து, பள்ளிக்கூடம் போகும் மகளோடு தனியாகக் குடித்தனம் நடத்தினாள். அவளிடம் நகை கிடையாது, பெரிய அழகி என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அவள் மேல் எனக்கு அப்படியொரு பொறாமை. அவளுக்குக் கோபமே வராது என்று சந்து முழுக்கச் சொன்னார்கள். அதுதான் காரணம்.

ஒருநாள் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மராத்திக்காரி வரிசையில் எனக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டாள். நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளில் மூன்று வசவு. அவள் என் குடத்தைக் காலால் தள்ள, அது கல்லில் மோதி நசுங்கியது. நான் அவள் கொண்டையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அக்கா நடுவில் வந்து, "தாயி, பச்சா ரோ ரஹா ஹை க்யா?" என்றாள். குழந்தை அழுகிறதா என்று கேட்டாள், அவ்வளவுதான். அந்தப் பெண் வீட்டில் காய்ச்சலோடு ஒரு குழந்தை கிடப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா அவளை முதலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எல்லோரும் அக்காவை மெச்சினார்கள். என் குடம் நசுங்கியதை யாரும் பேசவில்லை.

என் கணவர் பேசினார்.

"எதுத்த வீட்டுப் பிள்ளையும் அதே லைன்லதான நிக்கி? அதுக்கு மட்டும் எப்பிடி சண்டையே வர மாட்டேங்குது? பாத்துப் படிச்சுக்கோளா."

'பிள்ளை' என்று அவர் சொன்ன விதம் எனக்குள் முள்ளாகத் தைத்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என்னை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். யாராவது சுள்ளென்று ஏதாவது சொன்னால், பதில் சொல்லுமுன் தன் கால் பெருவிரலை ஒரு நிமிஷம் பார்ப்பாள். நானும் பார்த்துப் பார்த்தேன். விரல் தெரிந்தது, கோபம் அப்படியே இருந்தது. பைப்படியில் அடக்கிய கோபமெல்லாம் வீட்டுக்கு வந்து சோற்றுப்பானை மேல் இறங்கியது. "இன்னைக்கு யாருகிட்ட சண்ட போடாம வந்த?" என்று கணவர் கேட்டார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒருநாள் தண்ணீர் ரொம்பத் தாமதமாக வந்தது. நான் முதலாவதாக நின்றேன். அக்கா பின்னாலிருந்து வந்தாள்.

"ஏட்டி, ஒரு குடம் மட்டும் எனக்கு முன்னால விடுதியா? மவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

சாதாரணமாகக் கேட்டாள். ஆனால் இரண்டு பேர் உடனே, "விடு, பாவம், சும்மா கேக்க மாட்டா" என்று பரிந்துகொண்டு வந்தார்கள். என் காது மடல்கள் சுடுவது எனக்கே தெரிந்தது. வாய் நிற்கவில்லை.

"புருஷன் விட்டுட்டுப் போனவளுக்கு என்ன அவசரம்? எனக்கு வீட்ல ஆம்பள காத்துக்கிட்டு இருக்காரு."

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் வெட்கம் வரவில்லை. ஒரு தடவையாவது அவள் வெறுங்குடத்தோடு போனாளே என்று சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவள் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"காலைல நீ சொன்னதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

நான் முறத்தைக் கீழே வைத்தேன்.

"அவுக கப்பலுக்குப் போயி ரெண்டு வருசம். எட்டு மாசமாக் கடுதாசி இல்ல. விட்டுட்டுப் போயிட்டாகளா, உசுரோட இருக்காகளான்னே எனக்குத் தெரியாது. உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"தெரியாதுக்கா."

"தெரியாதத இனிமே சொல்லாத. அம்புட்டுத்தான்."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் நிலைக்கட்டையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

"காலையிலேயே என்னைய நாலு கேள்வி கேட்டிருக்கலாம்லக்கா?"

"வாயத் தொறந்தா அழுதிருப்பேன். இல்ல, குடத்தால ஒன் மண்டையப் பொளந்திருப்பேன். எனக்குக் கோவம் வராதுன்னு இவளுவளாச் சொல்லிக்கிடுதாளுவ. எனக்கு வார கோவம் எனக்குத்தான் தெரியும். அது எறங்குத வரைக்கும் பேசப்பிடாதுன்னு வச்சிருக்கேன். இன்னைக்கு எறங்க மத்தியானம் ஆயிட்டு."

மகள் குளிக்காமலே பள்ளிக்கூடம் போனாளாம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பைப்படியில் எல்லோர் முன்னாலும், "நேத்து நான் பேசுனது தப்புக்கா" என்றேன். கொண்டையைப் பிடித்துச் சண்டை போடுவது அதைவிட எத்தனையோ சுலபம். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. "லைன் நவுருது பாரு, குடத்தத் தள்ளு" என்றாள்.

அதன்பின் நானும் பதிலைத் தள்ளிப்போடப் பழகினேன். கணவர் குத்தலாக ஏதாவது சொன்னால், "சாப்பிட்ட பொறவு இதுக்குப் பதில் சொல்லுதேன்" என்பேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது மனுஷர் பயந்துபோய்ச் சரியாகச் சாப்பிடவே இல்லை. பாதி நாள், சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்வதற்கே ஒன்றும் இருக்காது. மீதி நாள் சொன்னேன். மெல்லச் சொன்னதால் அவரும் கேட்டார். 'எதுத்த வீட்டுப் பிள்ளை' என்று சொன்னது எனக்கு எப்படி வலித்தது என்பதையும் அப்படித்தான் ஒருநாள் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பொறாமை போயிற்றா என்றால், இல்லை. இரண்டு வருஷம் கழித்து செம்பூரில் ஒரு தையல் கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அங்கேயே வீடும் பார்த்துவிட்டாள். புறப்பட்ட அன்று சந்துப் பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள். அந்த மராத்திக்காரிகூட வந்து அக்கா மகளின் தலையில் பூ வைத்துவிட்டாள். நான் போனால் இப்படி யாராவது அழுவார்களா என்று நினைத்தேன். காது மடல் மறுபடியும் சுட்டது. சுடட்டும் என்று விட்டுவிட்டு, அவளுடைய தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்து, கை வலிக்க வலிக்க ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.