புண்ணியம் தேடிப் போய் ஆமையைக் குளத்தில் மூழ்கடித்த கதை

இன்று ஓர் ஆமையைக் கொல்லப் பார்த்தோம். அதுவும் சாமி கும்பிட்டுவிட்டு!

இன்னும் எனக்குக் கொதிப்பு அடங்கவில்லை.

அண்ணியின் மகன் அடுத்த வாரம் மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறான். அவன் பத்திரமாகப் போய்ச் சேர, ஓர் உயிரை வாங்கி விடுதலை செய்வதாக அண்ணி வேண்டிக்கொண்டார். (யாங்கோன் தமிழர்கள் நாங்கள். கோயிலில் தேங்காயும் உடைப்போம், பர்மியர் போலப் பறவையும் மீனும் வாங்கி விடுவோம்.)

யாங்கோன் தாமுவேயில் பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே உள்ள வனவிலங்குப் பூங்காவுக்குப் போனோம். அழிந்துவரும் விலங்குகளையும் மரங்களையும் காப்பாற்றுகிற இடம். அதன் வாசலுக்கு எதிரிலேயே ஒரு பெண்மணி கூடை நிறைய ஆமை விற்கிறார்!

"அமா, இத உள்ள கொளத்துல விடுங்க. உங்க புள்ளைக்கு ஒரு கொறையும் வராது." (அமா என்றால் அக்கா.)

வாசல் காவலர் பார்க்காதபடி, சாப்பாட்டுப் பையில் சமோசாவுக்கு மேல் ஆமையை ஒளித்துத் தூக்கிப் போனவன் நான்தான்.

குளக்கரையில், 'வெளி உயிரினங்களை இங்கே விடாதீர்கள்' என்று பெரிய பலகை. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தோமே தவிர, படிக்கவில்லை!

அண்ணி கண்ணை மூடி வேண்டினார். ஆமையைத் தண்ணீரில் விட்டார். சுற்றி நின்றவர்களும் சேர்ந்து மூன்று முறை "சாது" (நல்லது என்று பர்மியர் வாழ்த்துவது) சொன்னார்கள்.

ஆமை கல் மாதிரி உள்ளே போனது.

பூங்கா ஊழியர் ஒருவர் ஓடிவந்து லுங்கியோடு குதித்தார். தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இது தரை ஆமை அமா! நீந்தத் தெரியாது!"

"ஆமைன்னா தண்ணியிலதானே இருக்கும்?"

"காலப் பாருங்க, யானைக் காலு மாதிரி இருக்கு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் புண்ணியம்னு இப்படி விடுறாங்க, மறுநாள் செத்தத வல போட்டு எடுக்கிறோம்."

கொஞ்ச நேரம் கழித்து ஆமை தலையை அசைத்தது. அண்ணி அழுதேவிட்டார்.

"தம்பி, எம்புள்ள கெளம்புற நேரத்துல ஒரு உசுர முக்கிக் கொன்னுருப்பேனே!"

ஆமையை ஊழியரிடமே விட்டுவிட்டு நேராக வாசலுக்கு வந்தேன்; அண்ணியும் பின்னாலேயே வந்தார்.

"தரை ஆமையத் தண்ணில விடச் சொல்லி விக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?"

அந்த அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "விட்டீங்கல்ல? புண்ணியம் வந்தாச்சு. அப்புறம் ஆமை என்னானா உங்களுக்கென்ன?"

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஒரு குடும்பம் ஆமைப் பையோடு வாசலை நோக்கி நடந்தது. யாரிடமும் குரல் உயர்த்தாத என் அண்ணி, கையை விரித்து வழியை மறித்தார்.

"அமா, வீட்டுக்குப் போங்க," என்று அந்தக் கடைக்காரப் பெண்மணியே கெஞ்சும் அளவுக்கு நின்றார்!

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நான் வர மாட்டேன் தம்பி. எம்புள்ள நல்லா இருக்கணும்னா, இன்னைக்கு ஒரு ஆமையும் அந்தக் கொளத்துக்குள்ள போகக் கூடாது."

பூங்கா மூடும் வரை நின்றோம். ஒன்றுகூடப் போகவில்லை.

நாளை யார் நிற்கப் போகிறீர்கள்?