பெரியப்பாவின் இடது பக்கம்

பெரியப்பாவுக்கு இடது பக்கம் பார்வை இல்லை என்பதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தது நான்தான். டாக்டருக்குத் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்னால். அப்போது எனக்குப் பதினொரு வயது. வேறு எந்தக் குழந்தையாக இருந்தாலும் ஓடிப்போய் வீட்டில் சொல்லியிருக்கும். நான் முறுக்குத் திருடினேன்.

நாங்கள் ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அந்த ஃபாக்டரியில் வேலை. பெரியப்பாவும் அங்கேதான் இன்ஸ்பெக்‌ஷனில் முப்பது வருஷம் இருந்தார். மயிரிழை பிசகியிருந்தாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பி, அதனாலேயே பாதி ஃபாக்டரிக்கு வேண்டாதவராகி, ரிட்டையரான கையோடு டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டார். பூர்வீகம் தென்காசிப் பக்கம். ஹைதராபாத் அவருக்குத் தெலுங்கும் இந்தியும் கொடுத்ததே தவிர, வாயிலிருந்த ‘ஏட்டி’யைப் பிடுங்க முடியவில்லை.

பள்ளி விட்டதும் அம்மா வேலையிலிருந்து வரும்வரை நான் அவர்கள் வீட்டில்தான். பெரியப்பா டிவியில் பழைய மேட்ச் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பார். இடது கைப்பக்கம் ஒரு ஸ்டூல், அதன்மேல் தட்டு, தட்டில் பெரியம்மா சுற்றிய கைமுறுக்கு மூன்று. ஒருநாள் விளையாட்டாகக் கையை நீட்டி ஒன்றை எடுத்தேன். அவர் திரும்பவில்லை. மறுநாள் எடுப்பதற்கு முன் நாக்கை நீட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்று ஒரு சின்ன நடனமும் ஆடினேன். சுவரைப் பார்த்து ஆடியதுபோல் இருந்தது.

“ஏளா, ரெண்டுதான் வச்சியா?” என்று பெரியப்பா உள்ளே பார்த்துக் கேட்பார்.

“மூணு வச்சேன். தின்னதே மறந்துபோச்சா? வயசாயிட்டுல்லா” என்று அடுக்களையிலிருந்து பெரியம்மா குரல் வரும்.

வயதானவர்களின் ஞாபக மறதியைப் பற்றி நானும் வருத்தமாகத் தலையாட்டுவேன், வாயைத் திறக்காமல்.

பெரியப்பாவின் உயிர் அப்போது ஒரு வெள்ளைக் கோட்டில் இருந்தது. கம்பெனி மைதானத்தில் நடக்கும் மேட்சுகளுக்கெல்லாம் அவர்தான் அம்பயர். யாரோ போட்டுக் கழித்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டவர். தேவையில்லாமல் அப்பீல் செய்கிற பையனை மைதானத்தை ஒரு சுற்று ஓடிவரச் சொல்வார். நேர்மைக்கு அவரைவிட்டால் ஆளில்லை என்பதற்கு நானே சாட்சி. பதினோராவது ஆள் கிடைக்காத குறைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டிருந்த எங்கள் தெரு அணியில், என்னை நாலு முறை எல்பிடபிள்யூ கொடுத்தவர் அவர். சொந்தத் தம்பி மகள் என்று ஒரு பந்துகூடத் தள்ளுபடி கிடையாது.

அந்தக் கோடை டோர்னமென்டில் இடது பக்கமிருந்து எறியப்பட்ட பந்து ஒன்று நேராக வந்து அவர் தோளில் விழுந்தது. அவர் ஒதுங்கவே இல்லை. கேட்டதற்கு, “அம்பயர் அசையப்பிடாதுலே, அதாம் நின்னேன்” என்றார். பையன்கள் மரியாதையோடு பார்த்தார்கள். அதே வாரம் அவருடைய ஸ்கூட்டர் காய்கறித் தள்ளுவண்டி ஒன்றை இடது பக்கமாக உரசி, தக்காளியெல்லாம் ரோட்டில் ஓடியது. தள்ளுவண்டியும் அசையாமல்தான் நின்றிருந்தது என்று பெரியம்மா எடுத்துச் சொல்லி, மறுநாளே அவரை நகரத்திலிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். லீவு நாள் என்பதால் நானும் கூடப் போனேன்.

அங்கே எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னதும் பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு கண்ணை மூடிக் கடைசி வரி வரை படித்தார். மறு கண்ணை மூடி மறுபடி கடைசி வரி வரை படித்தார். யாரும் கேட்காமலே பக்கத்திலிருந்த தெலுங்கு அட்டையையும் இந்தி அட்டையையும் படித்துவிட்டு, ‘பார்த்தாயா’ என்பதுபோல் பெரியம்மாவைப் பார்த்தார்.

அப்புறம்தான் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். கண்பாப்பா விரிய வேண்டுமாம். விரியவில்லை. இன்னொரு முறை விட்டார்கள். அரைமனதாகக் கொஞ்சம் விரிந்தது. டாக்டரம்மாவுக்கு மதுரை. எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறியவர், கருவிக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஐயா, கண்ணுக்குள்ள லென்ஸ் மேல வெள்ளையாத் துகள் படிஞ்சிருக்கு. பொடி தூவுன மாதிரி. அது கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போற வழிய அடைச்சிருச்சு. அதனால பிரஷர் கூடியிருக்கு. இடது கண்ணுல ரொம்பவே.”

பெரியம்மா உடனே முன்னால் வந்தாள். “நான் அப்பவே சொன்னேன் டாக்டர். காலையிலயும் சாயந்தரமும் மூஞ்சிக்கு அவ்வளவு பவுடர் போடாதீங்கன்னு.”

“இது வெளியிலேர்ந்து விழுறது இல்லைம்மா. கண்ணு தானே உண்டாக்குறது. அறுபது தாண்டி கண்புரைக்குன்னு வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு இதப் பாக்கறோம். வலிக்காது, சிவக்காது. ஓரத்துலேர்ந்து பார்வை போகும். நடுவுல நல்லாத் தெரியுறதால யாரும் கவனிக்க மாட்டாங்க. லென்ஸப் பிடிச்சிருக்கிற நூலும் இதுல வலு குறையும். பின்னாடி புரை ஆபரேஷன் பண்ணும்போது ஜாக்கிரதையாப் பண்ணணும்.”

“எதனால வருது?” என்றார் பெரியப்பா.

“வயசு, பரம்பரை. வெயில்ல ரொம்ப நிக்கிறவங்களுக்கு வரும்னும் சொல்றாங்க. உறுதியாச் சொல்ல முடியாது.”

உறுதி இல்லை என்பதே பெரியம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. பவுடர் டப்பா மறுநாள் எங்கோ ஒளித்துவைக்கப்பட்டது.

(நூல் விஷயத்தில் டாக்டரம்மா சொன்னது சரிதான். பல வருஷம் கழித்துப் புரை எடுத்தபோது, மற்றவர்களுக்கு அரைமணியில் முடிகிற வேலை இவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஆனால் நல்லபடியாக முடிந்தது. இன்றும் பேப்பரை முதலில் பிரிப்பவர் அவர்தான்.)

தினம் ராத்திரி ஒரு சொட்டு விட வேண்டும், ஸ்கூட்டர் கூடாது, ஓரப் பார்வையைச் சோதிக்கும் டெஸ்டுக்கு அடுத்த வாரம் வர வேண்டும் என்று அனுப்பினார்கள். திரும்புகிற பஸ்ஸில் பெரியப்பா என் பக்கம் குனிந்தார்.

“ஏட்டி, இத கிரவுண்டுல எவன்கிட்டயும் சொல்லிராத. ஃபைனல் முடியட்டும்.”

ஃபைனலுக்கு இரண்டு ஞாயிறு இருந்தன. விஷயம் டோர்னமென்ட் செக்ரட்டரி காதுக்குப் போனால் கோட்டைக் கழற்றச் சொல்லிவிடுவார். அந்த டெஸ்டில் தேறிவிட்டாலோ, யாரும் எதுவும் சொல்ல முடியாது. தேறவைத்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். வீடியோ கேமில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதுவும் பட்டன் அமுக்குகிற விளையாட்டுத்தானே.

டெஸ்ட் என்னவென்று ஆஸ்பத்திரியிலேயே விசாரித்து வைத்திருந்தோம். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மினுக்கும்போது கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் காலண்டரின் நடுவே பார்த்தார். கையில் ஒரு பேனா, அதுதான் பட்டன். நான் டார்ச்சால் சுவரில் இங்குமங்கும் மினுக்கினேன். வலது பக்கம் மினுக்கினால் ‘டிக்’. மேலே மினுக்கினால் ‘டிக்’. இடது பக்கம் போனால் பேனா ஊமையாகிவிடும். அந்தப் பிரதேசத்தில் எனக்கு இரண்டு மாதத் தொழில் அனுபவம் இருந்ததால் நான் ஆச்சரியப்படவில்லை.

“பெரியப்பா, லைட் வருதா வருதான்னு பாக்காதீங்க. ஒண்ணு, ரெண்டு, அமுக்கு. ஒண்ணு, ரெண்டு, அமுக்கு. அவ்ளோதான்.”

“அது கள்ளத்தனம்லாட்டி?”

“பரீட்சையில தெரியாத கேள்விக்கும் எதாச்சும் எழுதிட்டு வாங்கன்னு எங்க மிஸ்ஸே சொல்வாங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். ஒரு வாரத்தில் தாளம் தப்பாமல் அமுக்கத் தேறிவிட்டார். என் முதல் மாணவர். கடைசி மாணவரும் அவர்தான்.

டெஸ்ட் நாளன்று இருட்டறையில் நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். பட்டன் சத்தம் எங்கள் தாளப்படியே கேட்டது. மெஷினை இயக்கிய பெண் திரையைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

“சார், லைட் ராகுண்டானே நொக்கேசாரு” என்றாள் தெலுங்கில். விளக்கே வராதபோதும் அமுக்கிவிட்டீர்கள் என்று பொருள். மெஷின் இடையிடையே வேண்டுமென்றே எதையும் காட்டாமல் சும்மா இருந்து பார்க்குமாம். அந்தப் பாடத்தை எங்கள் கோச்சிங்கில் நான் நடத்தவில்லை.

டாக்டரம்மா வந்து திரையைப் பார்த்துச் சிரித்தார். “நான் காட்டாத விளக்கையெல்லாம் பாத்திருக்கீங்களே, ஐயா.”

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. “அவுட்டே இல்லாததுக்கு அப்பீல் பண்ணிட்டேன்” என்றார் தனக்குத்தானே. அப்புறம் என்னிடம், “நீ வெளிய போயி இரு” என்றார். டாக்டரம்மாவிடம், “திரும்ப வைங்கம்மா. இந்தத் தடவை தெரிஞ்சாத்தான் அமுக்குவேன்.”

நெடுநேரம் கழித்து என்னையும் வெளியே காத்திருந்த பெரியம்மாவையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜையில் இரண்டு தாள்கள். இடது கண்ணின் படத்தில் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் தீவு, சுற்றிலும் கறுப்பு. வலது கண்ணின் படத்திலும் மூக்குப் பக்கமாகக் கறுப்பு படர ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா பேனாவால் சுட்டி, “ரெண்டும் சேர்ந்து பாத்தா, இந்த இடது பக்கம் ஐயாவுக்கு இல்ல” என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். பழகிய ஊரின் வரைபடத்தைப் பார்த்ததுபோல் இருந்தது.

“ஆமா, கரெக்ட். முறுக்குத் தட்டு வைக்கிற இடம்” என்றேன்.

தவளை தன் வாயால் கெடுவதைப் பாடத்தில் படித்திருந்தேனே தவிர, அதற்கு முன் அனுபவித்ததில்லை. டாக்டரம்மா என்னைப் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, எதுவரை தெரியாது என்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். தாளோடு ஒத்துப்போனது.

“ரெண்டு மாசமாவா?” என்றாள் பெரியம்மா. “வயசாயிட்டு, மறந்துபோச்சுன்னு நான் இந்த மனுசன ஏசிக்கிட்டுல்லா கெடந்தேன்.”

பெரியப்பா மெதுவாக என் பக்கம் முழுசாகத் திரும்பினார். “எடுத்தது மட்டுந்தானா?”

“நாக்கும் நீட்டினேன்.”

“எத்தன தடவ?”

“ரெண்டு” என்றேன். அதில் ஒரு பூஜ்யம் குறைவு.

அவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா, போனது திரும்ப வராது, ஆனால் மருந்தை ஒழுங்காக விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், நேரே பார்ப்பதில் குறையே இல்லை என்றார். நேரே பார்ப்பதில் குறையில்லை என்றால் அந்த நாலு எல்பிடபிள்யூ என்ன கணக்கு என்று நான் யோசித்தேன். நாலும் அவுட்தான் போலிருக்கிறது.

ஃபைனலன்று பெரியப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அதைப் பற்றி டாக்டரம்மாவிடம் அவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் அணியும் பின்தெரு அணியும். கடைசிப் பந்தில் அவர்களுக்கு இரண்டு ரன் வேண்டும். நான் வழக்கம்போல் பந்து வராத இடத்தில் நின்றிருந்தேன். பந்து வந்தது.

ஒரு ரன் ஓடிவிட்டார்கள். இரண்டாவதுக்குத் திரும்பினார்கள். நான் பந்தைப் பொறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு பெரியப்பா நின்ற முனைக்கு எறிந்தேன். என் ஆயுளில் ஒரே ஒரு முறை, ஸ்டம்ப் மூன்றும் சாய்ந்தது. ஓடிவந்த பையன் ஒரு கெஜம் வெளியே இருந்தான். அவர் இடது பக்கமாக.

மைதானமே அப்பீல் செய்தது. நியாயமான அப்பீல். பெரியப்பா தலையைத் திருப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. விரலைத் தூக்கியிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள், அந்தப் பையன் உட்பட. அவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

“நான் பாக்கல” என்றார் பெரியப்பா. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில், “மைனே தேகா நஹி. நாட் அவுட்.”

“கைக்கு அங்கிள், கைக்கு?” என்று ஹைதராபாத் இந்தியில் ‘ஏன், ஏன்’ கேட்டு எங்கள் கேப்டன் அழுதேவிட்டான்.

அவர் செக்ரட்டரியைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஐம்பது அறுபது பேர் சுற்றி நிற்கையில், “இந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியாது, சார். போன வாரமே தெரியும். நிக்க வந்திருக்கப்பிடாது, ஆசையில வந்துட்டேன். அடுத்த மேட்சுக்கு வேற ஆளப் போடுங்க” என்றார். பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை மடித்து, அவர் கையில் கொடுத்தார்.

கோப்பை பின்தெருவுக்குப் போனது. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரோ அந்த இரண்டு நாளும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டில் வளையவந்தார். பெரியம்மாவிடம் வம்பு பேசினார். மத்தியானம் பத்து வருஷமாகத் தூங்காதவர்போல் தூங்கினார். மேட்ச் போயிற்று, கோட்டும் போயிற்று, ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. எதை நினைத்து இந்த மனுஷர் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. யோசித்து யோசித்து, எல்லாம் அந்த மருந்து செய்கிற வேலைதான் என்று முடிவுக்கு வந்தேன். மூன்றாம் நாள் அவர் தூங்கும்போது அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து, தலையை அண்ணாந்து, என் இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன்.

எரிந்தது. நிம்மதி வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன்.