முற்றும் போடாத நாவல்

பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் நான் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தபோது, சுங்கை வே தொழிற்சாலைச் சீருடையிலேயே ஒரு அக்கா வருவார். நாவலாசிரியர், தத்துவக் கட்டுரைகளும் எழுதுபவர். நாற்காலி காலியாக இருந்தாலும் நின்றபடியேதான் பிழை திருத்துவார்.

செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது நிர்வாகம்; தொழிலாளி ஒருத்தி பேனாவைக் கையில் எடுக்கிறாள். அவருடைய நாவல் அங்கேயே நின்றது. வழக்கம்போல் கீழே ‘முற்றும்’ என்று நானே சேர்த்திருந்தேன். தாள் கிழியும்படி அதை அடித்தார்.

“முடிஞ்சிருச்சுன்னு யாரு சொன்னா?”

“எல்லாருக்கும் போடுறதுதானே அக்கா. இல்லன்னா கடைசிப் பக்கம் காணோம்னு கேப்பாங்க லா.”

“கேக்கட்டும் அண்ணே. கையெழுத்துப் போட்டாளா இல்லையான்னு அவங்க மண்டைய ஒடைச்சுக்கட்டும். நான் எதுக்கு முடிச்சு வைக்கணும்?”

புத்தகம் வெளிவந்த வாரமே கிள்ளானிலிருந்து ஒருவர் போனில் கத்தினார்.

“பாஸ், கடைசி பேஜ் இல்ல லா! அவ சைன் பண்ணாளா இல்லையா?”

“நீங்களா இருந்தா?” என்றேன். அந்த அக்கா கேட்டிருக்கக்கூடிய கேள்வி என் வாயில் எப்படி வந்ததோ, இன்றும் புரியவில்லை.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அவர் போனை வைக்கவில்லை.