இடது பூட்ஸுக்கு ஒரு ஃபிரேம்

நாற்பது தாண்டியவள் ஸ்கேட்டிங் பழகப் போனால் கோயம்புத்தூரில் யாரும் முகத்துக்கு நேராகச் சிரிக்கமாட்டார்கள். வேண்டாமென்று மரியாதையாகவே சொல்வார்கள். கோச்சும் அப்படித்தான். நாலடி போவதற்குள் என் இடது கணுக்கால் உள்பக்கமாக மடிந்து நான் விழுவதைப் பார்த்துவிட்டு, "உங்க கால் வாகே அப்படித்தானுங்கக்கா. இத விட்டுப்போட்டு வாக்கிங் போங்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோணல் என் காலிலா, பூட்ஸிலா? அது தெரியாமல் விடுவதாக இல்லை.

பூட்ஸ் தனி, ஒரே வரிசையில் சக்கரங்கள் பூட்டிய ஃபிரேம் தனி. பூட்ஸின் அடியில் முன்னால் ஒரு போல்ட், பின்னால் ஒரு போல்ட், அவ்வளவுதான் இரண்டையும் சேர்ப்பது. என் வீட்டுக்காரர் பம்ப்செட் பட்டறை நடத்துபவர். வெர்னியரால் அளந்து, நட்டநடுவில் ஃபிரேமை வைத்து, அவர்தான் வீட்டில் உட்கார்ந்து முடுக்கித் தந்திருந்தார். இப்போது மறுபடி அளந்தார். நூலளவு பிசகில்லை.

"அம்மிணி, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா" என்றார்.

"நீங்க அளந்தது பூட்ஸத்தானுங்க. என் கால யாரு அளந்தா?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வாசலில் கிடந்த என் பழைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இடது குதிகாலில் உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அப்படியென்றால் என் பாரம் நடுவில் விழவில்லை. பாரம் விழும் இடத்துக்குக் கீழே சக்கரம் இல்லாவிட்டால் கால் மடியாமல் என்ன செய்யும்!

ஃபிரேமில் போல்ட் நுழையும் துளை குறுக்குவாட்டில் நீண்டிருப்பது ஏன் என்று அதுவரை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஆலன் கீயால் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஃபிரேமைப் பெருவிரல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி முடுக்கினேன். "செண்டர் போச்சே, செண்டர் போச்சே" என்று பக்கத்தில் அவர் புலம்பிக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்தும் இடத்தில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து எழுந்தேன். கையை எடுத்தேன். மடியவில்லை. குனிந்து பார்த்தேன். கணுக்கால் நேராக நின்றிருந்தது. மெல்ல ஓர் உந்து உந்தினேன். நாலடி கடந்தது, எட்டடி கடந்தது, திறந்திருந்த கேட்டையும் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டேன்.

"அம்மிணி, நில்லு! நில்லு!" என்று அவர் பின்னால் ஓடி வந்தார்.

எப்படி நிற்பதென்று எனக்குத் தெரியாது. நிற்கப் பழகும் தூரம்வரை நான் போனதே இல்லை.